தனுஷ்கோடியில் ஒரு பள்ளிக்கூடம்

ராமேசுவரத்துக்கு யாத்திரை போய் வராத குடும்பம் தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் இருக்கும். கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் ஸ்நானம் செய்து, நீண்ட பிராகாரங்களைச் சுற்றி, ஸ்வாமி தரிசனம் முடித்துக்கொண்டு, பகல் போஜனத்துக்குப் பிறகு தனுஷ்கோடிக்குப் புறப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்னெல்லாம் இது அவ்வளவு சுலபமான காரியமாக இருக்கவில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு பாதை நின்றுவிடும். அதற்கு அப்பால், மணலிலும் கடல் நீரிலும் புகுந்து புறப்படும் வேன்களில் எலும்பு நொறுங்கப் பிரயாணம் செய்ய வேண்டும். அல்லது நடக்க வேண்டும். 2017-ம் வருஷம் ஜூலை மாதம் 27-ந் தேதி, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை திறக்கப்பட்டது. அன்று முதல் மோட்டார் வண்டிகள் பூமியின் விளிம்பு வரையில் ஓடுகின்றன.

போகிறவர்கள் அநேகமாக மூன்று காரியங்கள் செய்கிறார்கள். இரண்டு சமுத்திரங்களும் கூடும் முனையில் நின்று இலங்கை தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார்கள். பவளப் பாறைக் கல்லால் கட்டப்பட்டு இன்று கூரையின்றி நிற்கும் மாதா கோயிலின் முன்னால் படம் பிடித்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்குச் சங்கு மாலை வாங்கிக் கொடுக்கிறார்கள். பிறகு, “ஐயோ, பாவம்! ஒரு ஊரே அழிந்து போயிற்றே!” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஊர் அழிந்தது உண்மைதான். ஆனால் ஊரார் அழிந்துவிடவில்லை. அந்தச் சங்கு மாலையை விற்ற அம்மாளின் வீடு அங்கேதான் இருக்கிறது. அவளுடைய குழந்தை படிக்கும் பள்ளிக்கூடமும் அங்கேயே இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த மிகச் சாதாரணமான பள்ளிக்கூடம். யாத்திரைக் கைப்புத்தகங்களில் அதன் பெயரைக் காண முடியாது. நம்மைக் கேட்டால், தனுஷ்கோடியில் முதலில் பார்க்கவேண்டிய கட்டடம் அதுதான் என்போம். இடிந்த கட்டடங்கள் சென்றுபோன ஊரைக் காட்டுகின்றன. இருக்கிற ஊரைக் காட்டுவது அது ஒன்றே.

அதன் கதையை அறிய வேண்டுமானால் பழைய ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1914-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலின்மேல் ரயில் ஓடத் தொடங்கியதும் தனுஷ்கோடிக்கு யோகம் பிறந்தது. எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கி ‘போட் மெயி’லில் ஏறி உட்கார்ந்துவிடலாம். தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னாரில் மறுபடியும் ரயில் காத்திருக்கும். சாமான் மூட்டைகளும், கருவாட்டுச் சிப்பங்களும், தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைத் தமிழர்களும் அந்தத் துறை வழியாகவே போனார்கள், வந்தார்கள். ரயில்வே ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ் எல்லாம் அங்கே தோன்றின. ஸ்டேஷன் சிப்பந்திகளுக்கும் சுங்கக் குமாஸ்தாக்களுக்கும் குழந்தை குட்டிகள் உண்டல்லவா? ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. இடிபாடுகளுக்கு மத்தியில் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் சுவர்களையும் இன்று வழிகாட்டிகள் காட்டுகிறார்கள்.

சரியாக ஐம்பது வருஷம் இந்த வைபவம் நடந்தது. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி இரவு வந்த புயலில் எல்லாம் முடிந்துபோயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய சமயம், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலைக்கு இரையாயிற்று. தீவிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டவர் 1,800 பேர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பலர். நாம் சொல்ல வந்தது அதற்கு மறுநாளிலிருந்து தொடங்கும் விஷயம்.

புயல் பாம்பன் பாலத்தையும் சேதப்படுத்திவிட்டது. தூலங்கள் பல கடலில் விழுந்துவிட்டன. ஆறு மாதத்தில் செப்பனிட்டுவிட வேண்டும் என்று ரயில்வே இலாகா தீர்மானித்தது. அந்த வேலை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் பெயர் பெற்றவர் அவரேதான். விழுந்த தூலங்களைக் கடலுக்குள்ளிருந்தே மீட்டு எடுத்து, 46 நாளில் பாலத்தைச் சரிப்படுத்திவிட்டார். தேசம் வியந்தது, வியக்கத் தகுந்த காரியமே.

தனுஷ்கோடிப் பள்ளிக்கூடம் திரும்பி வருவதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நமக்கு யார் மேலும் கோபம் வரவில்லை; ஆனால் ஒரு விஷயம் புலப்படுகிறது. பாலம் உடைந்தால் ராமேசுவர யாத்திரை நின்றுபோகும். அதைக் கேட்பதற்குக் காசியிலும் ஆள் உண்டு, கல்கத்தாவிலும் ஆள் உண்டு. பள்ளிக்கூடம் உடைந்தால் யார் கேட்பார்கள்? அழிந்த துறைக்கு ரயில் திரும்பி வரவில்லை. கப்பல் போக்குவரத்து ராமேசுவரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கையில் மூண்ட கலகங்களோடு அதுவும் நின்றுவிட்டது. ரயிலும் சுங்கமும் இல்லாத இடத்தில் குமாஸ்தாக்கள் இல்லை. குமாஸ்தாக்களின் குழந்தைகளும் இல்லை.

தவிரவும், தனுஷ்கோடி மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. இந்த அறிவிப்பில் குற்றம் காண்பதற்கில்லை. அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் காகிதத்தில் எழுதியதைக் கடல் படிக்கிறதா, மீன் படிக்கிறதா? மீன் இருக்கும் இடத்துக்கு மீனவன் திரும்பி வந்தான். இரு கடலிலும் வலை வீசலாம். தென்புறத்தை ஆண் கடல் என்றும், வடபுறத்தைப் பெண் கடல் என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக் காற்றில் வடகடல் சீறும். ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் மற்றொன்று சோறு போடும். மணலில் கையால் குழி தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும். இதைவிட வேறு என்ன வேண்டும்? ஓலைக் குடிசைகள் மறுபடியும் எழும்பின. கல்யாணங்கள் நடந்தன. குழந்தைகள் பிறந்தன.

வசிக்கத் தகாத இடத்தில் யாரும் வசிக்கவில்லை என்பது ஏட்டுக் கணக்கு. யாரும் வசிக்காத இடத்துக்கு மின்சாரம் எதற்கு? பாதை எதற்கு? பள்ளிக்கூடம்தான் எதற்கு? ராமேசுவரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே உறவினர் வீடு வாய்த்த குழந்தை தங்கிப் படித்தது. மற்றக் குழந்தைகள் தகப்பனாரோடு கரைக்குப் போயின. இதில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னை ராஜ்யத்தில் காமராஜ் முதல் மந்திரியாக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில், ஊருக்கு ஊர் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1956-ல் பகல் உணவுத் திட்டமும் ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடம் குழந்தையைத் தேடி நடக்க ஆரம்பித்த அந்தச் சமயத்திலேதான், நாட்டின் இந்த ஒரு மூலையில் அது கடலில் மூழ்கியது!

இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஏற்பட்டது. பிறகு அது நடுநிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது. மின்சாரக் கம்பி இல்லாத ஊர். ஆகாயத்தில் உள்ள சூரியனே அங்கு விளக்குக்கும் பொறுப்பாளி. பாதை போடப்படுவதற்கு முன்னால் அங்கே வேலைக்கு அமர்ந்த உபாத்தியாயர்கள் மணலையும் தண்ணீரையும் கடந்தே தினம் போய் வர வேண்டியிருந்தது. பஸ் கொஞ்சம் தாமதமானால் பொறுமை இழந்துவிடும் நம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் இதைச் சற்றே யோசித்துப் பார்ப்பது நல்லது.

மணலைப் பற்றிச் சொன்னதும் வேறொரு சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. நமது முன்னோர்கள் பள்ளிக்கூடம் என்றால் கட்டடத்தை நினைக்கவில்லை. ஒரு திண்ணை, ஒரு வாத்தியார், தரையில் பரப்பிய மணல் — இவ்வளவுதான் மூலதனம். பிள்ளை விரலால் மணலில் எழுதி அட்சரம் படிக்கும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் தலைவராக 1789-ல் வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு நாள் இப்படிப்பட்ட திண்ணைப் பள்ளியைப் பார்த்துத் திகைத்துப் போனார். தமது விடுதியிலும் அவ்விதமே செய்யும்படி சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி வாத்தியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்க வைத்தார். வாத்தியார்களால் ஆகாத காரியம் பையனால் ஆயிற்று! பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது அங்குள்ள ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கூடங்களில் பரவிற்று. நமது சரக்கு கப்பலேறிப் போய், பிற்பாடு சீமைச் சரக்காகத் திரும்பி வந்த கதைகளில் இதுவும் ஒன்று.

இந்தத் திண்ணைப் பள்ளிகள் எத்தனை இருந்தன? கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்களும், அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்தார்கள். பழமையைப் புகழுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்லி மகிழ்வது வழக்கம். நாமும் மகிழ்வோம், ஆனால் அந்தக் கணக்கிலேயே பெண் குழந்தைகள் 4,540 பேர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காந்தி மகாத்மா 1931-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி லண்டனில் பேசும்போது, கிராமப் பள்ளிக்கூடங்களை ஓர் அழகிய மரத்துக்கு ஒப்பிட்டார். வேரைப் பார்க்கிறேன் என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே திறந்து போட்டுவிட்டார்கள், மரம் பட்டுப்போயிற்று என்பது அவர் கூறிய குற்றச்சாட்டு. அந்த வாக்கியத்தின்பேரில் எழுந்த வாதப் பிரதிவாதம் இன்னும் ஓயவில்லை. மகாத்மா அவ்வாறு பேசியதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் ராமேசுவரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பின்னால் சொல்வோம்.

ராமநாதபுரம் சீமையில் கல்விக்குப் பஞ்சம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சேதுபதிகள் புலவர்களை ஆதரித்த வம்சத்தினர். சேதுபதி வம்சத்து உறவினரான பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் 1785-ம் வருஷத்தை ஒட்டி ராமநாதபுரத்தில் தோன்றிய ஆங்கிலப் பள்ளிக்கூடம் இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அவர் பெயரால் விளங்குகிறது. தஞ்சாவூரிலும் சிவகங்கையிலும் இதற்குச் சகோதரப் பள்ளிகள் ஏற்பட்டன. கும்பெனியாரும் பணம் உதவினார்கள். ஆனால் இவை எல்லாம் ராஜதானிப் பட்டணத்து ஏற்பாடுகள். வருகிறவனுக்கு வாசல் திறந்திருந்தது. வர முடியாதவன் கரையிலேயே இருந்தான்.

வர முடியாதவனைப் பற்றி யோசித்த ஒருவர் இந்தக் கரையிலேயே வந்து இறங்கினார். 1897-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டுத் திக்விஜயம் முடித்துப் பாம்பனில் கால் வைத்தார். பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு வரவேற்றார். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுக்க, மன்னரும் கூடச் சேர்ந்து இழுத்தார் என்பது பலரும் அறிந்த கதை. மறுநாள் ராமேசுவரம் கோயிலில் பேசிய சுவாமிகள், ஏழையிடத்தில் சிவனைக் காண்பதே மெய்யான பூஜை என்ற கருத்தை எடுத்துரைத்தார். இதற்கு மூன்று வருஷம் முந்தி, 1894 ஜூனில், அமெரிக்காவிலிருந்து மைசூர் மகாராஜாவுக்கு அவர் எழுதிய கடிதம் நம் விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது. கிராமந்தோறும் இலவசப் பாடசாலை வைத்தாலும் ஏழைப் பையன் அங்கே வரமாட்டான், வயலில் தகப்பனாருக்கு ஒத்தாசை செய்யப் போய்விடுவான். ஆகையால் கல்விதான் அவன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். சந்நியாசிகள் பூகோளப் படமும் உருண்டையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகலாம் என்றும் யோசனை சொல்லியிருந்தார்.

வயல் என்ற இடத்தில் கரைவலை என்று போட்டுக்கொண்டால் அது தனுஷ்கோடிக்கே எழுதிய கடிதம் ஆகிவிடும். படகில் சென்று கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கயிற்றின் இரு முனைகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் வேலை. அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு பெரியவர்கள் இழுக்கும் இடத்தில் ஒரு சிறு கையும் கூடக் கிடைத்தால் வேண்டாம் என்பார் இல்லை. வலை இழுக்கும் நாளில் வருகைப் பதிவேட்டில் இடம் காலியாக விழுந்தால் பையனைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தால், வலை கரை சேர்ந்ததும் அவன் ஓடி வந்துவிடலாம். 18 கிலோமீட்டரில் இருந்தால் அன்று போனவன் என்றைக்கும் வரமாட்டான்.

கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்பதற்கு அதே தீவில் ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. மேலே சொன்ன படகுக்காரர் ஜைனுலாப்தீன். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரீகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். 1931-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அவருக்குப் பிறந்த குழந்தைதான் அப்துல் கலாம். ராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்ததைத் தமது ‘அக்னிச் சிறகுகள்’ என்ற சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். தொப்பி அணிந்த கலாமும், பூணூல் அணிந்த ராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த உபாத்தியாயருக்கு இது பொறுக்கவில்லை. கலாமைப் பின் வரிசைக்கு அனுப்பினார். இரண்டு சிறுவர்களும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். ராமநாத சாஸ்திரியின் தகப்பனார் லட்சுமண சாஸ்திரிகள் கோயிலின் தலைமை அர்ச்சகர். அவர் உபாத்தியாயரை அழைத்து, களங்கமற்ற குழந்தைகளின் மனத்தில் விஷத்தை விதைக்கக் கூடாது, மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். உபாத்தியாயர் தம் செய்கைக்கு வருந்தினார். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடமாயிருந்தால் ஒரு சிறுவனின் கண்ணீர் அர்ச்சகர் வீடு வரையில் போயிருக்குமா? ஊரார் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த சின்னப் பள்ளிக்கூடத்தின் பலம் இதுதான்.

அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்று இன்னொரு உபாத்தியாயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. “சரி, வாருங்கள்” என்று எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்விட்டார்! அங்கே பறவைகள் எழும்புவதையும், இறக்கை அடிப்பதையும், வால் திருப்பத் திரும்புவதையும் நேரில் காட்டினார். தம் வாழ்க்கையின் திசையை நிர்ணயித்தது அன்றைய பாடம்தான் என்று கலாம் பிற்காலத்தில் பல கூட்டங்களில் சொன்னார். இதே ஐயர் ஒரு நாள் கலாமைச் சாப்பிட அழைத்தபோது அவருடைய மனைவியார் ஆசாரத்துக்குப் பயந்து பரிமாற மறுத்தார். ஐயர் தாமே பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் அழைத்தார். இம்முறை அந்த அம்மாளே உள்ளே அழைத்துப் போய்ப் பரிமாறினார். அப்புறம்தான் ஸ்வார்ட்ஸ் பள்ளி, கல்லூரி, விண்வெளி, ராஷ்டிரபதி பவனம் எல்லாம். இந்த ஐயரின் பெயரைப் பொறித்த பதவியோ பட்டமோ ஏதும் நாம் அறியோம்.

தனுஷ்கோடிக் குழந்தையைக் கடற்கரைக்கு அழைத்துப்போக வேண்டியதே இல்லை. வகுப்பின் வாசலில் கடல் இருக்கிறது. கச்சான் எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த மீன் எந்த மாதம் கரைக்கு வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் பருவக் காற்று என்று நாம் மனப்பாடம் செய்விப்பதை, அது அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதிலிருந்தே அறிந்திருக்கிறது. தெரியாதது, இந்த ஞானத்துக்கு வெளியுலகத்தில் என்ன விலை என்பது. எடை போடுகிறவன் சொன்ன கணக்கைச் சரிபார்க்கவும், படகுக் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவும் வீட்டில் ஒருவருக்காவது எழுத்து தெரிய வேண்டும்.

மாணவர் தொகை சொற்பமாயிருக்கும் பள்ளிக்கூடங்களை மூடிவிடலாமா, அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சு நாட்டில் அவ்வப்போது எழுகிறது. தலைக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் போடுகிறவர்களின் கூட்டல் சரியாகவே இருக்கும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தபோது, அதன் விதிகள் தலையை எண்ணச் சொல்லவில்லை. தூரத்தை அளக்கச் சொல்லின. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது ஏற்பாடு. தனுஷ்கோடியில் நாற்பது வருஷம் தலையை எண்ணிப் பார்த்தாயிற்று. எண்ணுவதற்குத் தலையே இல்லை என்று காகிதம் சொல்லிற்று. தலைகளோ வலை இழுத்துக்கொண்டிருந்தன.

பாதை வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. பஸ் போகிறது. யாத்திரீகர் கூட்டத்தால் கடைகள் பெருகியிருக்கின்றன. கடை பெருகினால் கடையில் உட்காரவும் சிறு கைகள் தேவைப்படும். இது வலையைவிடச் சுலபமான வேலை, கையில் உடனே காசு விழும் வேலை. உபாத்தியாயர்கள் கவனிக்க வேண்டிய புது ஆபத்து இது என்று நமக்குத் தோன்றுகிறது. மேலும், நடுநிலைப் பள்ளி 8-ம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடியும் ராமேசுவரம். பையனைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பெற்றோர், பெண்ணையும் அவ்வாறே அனுப்புகிறார்களா என்பதைப் பொறுத்திருக்கிறது மீதிக் கதை.

அடுத்த முறை தனுஷ்கோடிக்குப் போகும் வாசகர்கள், மாதா கோயிலுக்கு முன் படம் பிடித்துக்கொண்ட பிறகு, பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரைச் சந்தித்து, கதைப் புத்தகங்களோ பூகோள உருண்டையோ தேவையா என்று விசாரித்துவிட்டு வரலாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து குழந்தைகளைப் படம் பிடிக்காமலிருப்பது நலம். சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.